மைனி பெயரில் கேட்ட கேள்விகள்

ஜூன் 7, சனி

இந்த டைரி, தறிக்கு நூல் விற்கும் கடைக்காரர் அண்ணனுக்குக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து டிவி மேல் சும்மா கிடந்தது. இன்று மைனி அதைத் தூசி தட்டி என் மடியில் போட்டு, "ஆவுடை, எனக்கு ஒரு உதவி செய்யுதியா?" என்று கேட்டாள்.

மைனி என்றால் ரேணுகா மைனி, பட்டு அண்ணனின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிஎச்.டி. படிக்கிறாள். இப்போது கையில் எட்டு மாதப் பாப்பா. சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்குச் 'சனிச்சபை' என்று போனில் ஒரு கூட்டம் நடக்கிறது. பிஎச்.டி. படிக்கிறவர்களே சேர்ந்து நடத்துவது. வாரம் ஒருவர் தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். சென்னை, பாண்டிச்சேரி, யாழ்ப்பாணம், கோலாலம்பூர் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சரியாக அந்த மூன்று மணிக்குத்தான் பாப்பாவுக்கு அந்த வாரத்து அழுகை மொத்தமும் வரும்.

"எம் பேருல உள்ள போயி போனப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாப் போதும். மைக்க மட்டும் தொறந்துறாத. என்ன பேசுனாங்கன்னு இதுல நாலு வரி எழுதி வையி. முடியையில இதத் தட்டி விட்ரு."

தயாராக ஒரு செய்தி வைத்திருந்தாள்: 'மிகச் சிறப்பான உரை. பல அரிய செய்திகளை அறிந்துகொண்டேன். நன்றி.' கடைசியில் எல்லோரும் இப்படித்தான் போடுவார்களாம். பிறகு சான்றிதழ் மெயிலில் வருமாம்.

மைக்கைத் திறக்கக் கூடாது என்பதற்குக் காரணம் எங்கள் வீடு. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. வீட்டுக்கும் எங்கள் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். தறி ஓட ஆரம்பித்துவிட்டால் இங்கே யாரும் மெதுவாகப் பேச முடியாது. அம்மா உப்புக் கேட்டால் அடுத்த தெருவில் எடுத்து வைப்பார்கள். இந்த வீட்டில் மெதுவாகப் பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று மைனி, அவள் பாவூர்சத்திரம் பக்கம் வயல்காட்டு வீட்டில் பிறந்தவள். இன்னொன்று நான், இதே வீட்டில் பிறந்தவள். அது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

பேச வேண்டாத வேலை என்றால் எனக்குச் சம்மதம்.

இன்று ஒருவர் கல்வெட்டுகளில் வரும் எருமைகளைப் பற்றிப் பேசினார். நாலு வரி எழுதச் சொன்னாள். எட்டுப் பக்கம் வந்துவிட்டது. மைனி என்ன நினைப்பாளோ என்று ஒரு பக்கம் மட்டும் கிழித்துக் கொடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

பாப்பாவுக்குப் பல் வருகிறது. சார்ஜர் ஒயரைக் கடித்துவிட்டது. நல்லவேளை, சுவிட்ச் போடவில்லை.

எங்கள் தறிக்கூடத்துக்கு நூல் சுற்ற வரும் உலகம்மா அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம். "ஏட்டி, எங் கல்யாணத்துக்காவது வருவியா, இல்ல அன்னைக்கும் வயித்துவலியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். நூல்கண்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். என்கூடப் படித்தவர்கள் எல்லோரும் அந்தக் கல்யாணத்துக்கு வருவார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நான் நின்றதற்குக் காரணம், பள்ளிக்கூடம் தூரம். பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடையில்தான் நல்ல பால் கிடைக்கிறது என்று அம்மா தினமும் என்னைத்தான் அனுப்புகிறாள். அது வேறு.

ஜூன் 14, சனி

இன்று ஒரு விபரீதம்.

பேச வந்தவர் கும்பகோணத்துக்காரர். "அனைவருக்கும் வண..." என்றார். அதோடு நெட் நின்றது. வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துவிட்டார். கூட்டத்தை நடத்தும் நிலோஃபர் அக்கா, பாண்டிச்சேரியில் படிக்கிறவர், "கேக்குதா? கேக்குதா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. "ஆவுடை, பாலு!" என்று அம்மா போட்ட சத்தத்தில், எழுந்து ஓடும் அவசரத்தில் மைனியின் செய்தியைத் தட்டிவிட்டேன். பிறகு மறந்துவிடுமே என்று.

திரும்பி வந்து பார்த்தால் எனக்குக் கீழே வரிசையாக நிற்கிறது. 'மிகச் சிறப்பு.' 'காலத்துக்கேற்ற தலைப்பு.' 'நேரம் போனதே தெரியவில்லை.' கோலாலம்பூர்க்காரர் ஒருவர், 'குறிப்பாகத் தங்கள் இரண்டாவது கருத்து என்னைச் சிந்திக்க வைத்தது' என்று போட்டிருந்தார்.

அந்த மனிதர் வணக்கத்தையே இன்னும் முடிக்கவில்லை. கூட்டம் அத்தோடு கலைந்தது.

சாயங்காலம் நிலோஃபர் அக்கா, மைனி போனில் இருக்கும் சனிச்சபைக் குழுவில் எழுதினார்: 'நடக்காத உரையைப் பாராட்டிய எல்லோருக்கும் நன்றி. இனி சனிச்சபையில் "சிறப்பு" கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள். தட்டச்சு செய்தாலும் போதும்.' பிறகு மைனிக்கு மட்டும் தனியாக: 'பிள்ளையார் சுழி போட்டது நீங்கள்தான் போல, ரேணுகா.' பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் ஒரு மஞ்சள் முகம்.

மைனியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பாப்பா விழித்திருந்தது. மைனி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 21, சனி

மைனி அந்தக் குழுவைத் திறந்து பார்ப்பதே இல்லை. "அதத் தொறக்கவே மனசு வரல ஆவுடை. எல்லாரும் என்னென்னமோ படிச்சிருக்காங்க" என்கிறாள். அதனால் விதி மாறியது அவளுக்குத் தெரியாது. சான்றிதழ் வரவில்லையென்றால் தெரிந்துவிடும். ஆகவே வேறு வழியில்லாமல்தான் இன்று கேள்வி கேட்டேன்.

பேசியவர் நாகர்கோவில் தேவசகாயம். பழைய நாடக நோட்டீஸ்களைப் பற்றிப் பேசினார். 'ராஜா வேஷம் போட்டவர் பெயர் இருக்கிறது. ராணி வேஷம் போட்டவர் பெயர் இருக்கிறது. ஆர்மோனியம் வாசித்தவர் பெயர் எங்கே?' என்று தட்டினேன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அவர் "ஆகா, ரேணுகா!" என்றார். நோட்டீஸின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஆர்மோனியக்காரர் பெயர் ராஜாவை விடப் பெரிய எழுத்தில் இருக்கிறது! ஏன் அப்படி என்று கதை கதையாகச் சொன்னார். கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பின்பக்கம் வந்தே இருக்காது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. வெயில் அதிகம்.

ஜூன் 28, சனி

நாலாவது சனிக்கிழமை. மாதாமாதம் இந்த நாளில் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்துவார்கள். தெருவில் ஒரு தறி கூட ஓடவில்லை. அடுத்த வீட்டில் பூண்டு உரிப்பது வரை கேட்கிறது. இந்த அமைதியில் அம்மா வழக்கம்போலப் பேச, பாப்பா பயந்து அழுதது.

மீனவர் சொற்களைப் பற்றி இன்று ஒரு அக்கா பேசினார். நான் ஒரு கேள்வி கேட்டேன். அது அவர் திரையில் காட்டிய முதல் படத்திலேயே எழுதியிருந்ததாம், நான் கவனிக்கவில்லை. அந்த அக்கா பரவாயில்லை என்று திரும்பச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது, எல்லோரும் மியூட்டில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு பொத்தான் இருந்திருக்கலாம்.

இரண்டாவதாக இன்னொன்று கேட்டேன். சான்றிதழுக்கு ஒன்றே போதும்தான்.

ஜூலை 5, சனி

மாட்டிக்கொண்டேன்.

காலையில் நிலோஃபர் அக்கா போனிலேயே கூப்பிட்டுவிட்டார். பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்த மைனி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரேணுகா, இந்த மாசம் நீங்கதான் பேசணும். நீங்க கேக்குற கேள்விக்காகவே நாலு பேர் வராங்க, தெரியுமா?"

"நான் கேக்குற கேள்வியா?"

"பின்ன? பேசுறவங்க எல்லாம் 'ரேணுகா வந்தாச்சா'ன்னுதான் கேக்குறாங்க. தேதிய நீங்களே சொல்லுங்க. வச்சிரட்டா?"

மைனி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பால் வாங்கப் போனேன். வீட்டில் பால் இருந்தது.

ஜூலை 7, திங்கள்

மைனி என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் பேசாதது யாருக்கும் தெரியவில்லை.

அம்மாதான் மத்தியானம், "என்னட்டி, ரெண்டு பேரு வாயிலயும் கொழுக்கட்டையா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தாள். சாம்பாரில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

துணி காயப்போட மாடிக்குப் போனேன். மைனி பின்னாலேயே வந்தாள். மாடியில் தறிச் சத்தம் கொஞ்சம் குறைவு.

"குழுவுல நீ கேட்டது எல்லாத்தையும் வாசிச்சேன்" என்றாள். "ஒண்ணு கூட நான் கேட்டிருக்க மாட்டேன்."

"தப்பா மைனி?"

"தப்பில்லட்டி. பயமா இருக்கு. அவங்க கூப்பிடுறது ஒன்னைய. போயி நிக்கப்போறது நானு."

பாப்பாவின் சட்டையைப் பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள். பிறகு சொன்னாள். அவளுடைய ஆராய்ச்சி கல்யாண பேனர்களைப் பற்றியது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் தெருமுனையில் வைப்பார்களே, 'சிங்கம் சிக்கியது' என்கிற மாதிரி, அந்த எழுத்துகளைப் பற்றி. போன வருடம் பல்கலைக்கழகத்தில் இதைச் சொன்னபோது ஒருவர், "இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்றாராம். மற்றவர்கள் சிரித்தார்களாம். அதிலிருந்து யார் கேட்டாலும் 'மொழியியல்' என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை மூடிக்கொள்கிறாள். எல்லோரும் தறிச் சத்தத்தால் என்று நினைத்தோம்.

"இதுலயும் பேச முடியலன்னா படிப்ப நிறுத்திர வேண்டியதுதான். இந்த வருசத்தோட போதும். ஒங்க அண்ணங்கிட்டயும் சொல்லிட்டேன்."

என் வாயிலிருந்து "நானும் இப்பிடித்தான் மைனி நின்னேன்" என்று வந்துவிட்டது.

"பள்ளிக்கூடம் தூரம்னுல்ல சொன்ன?"

"தூரந்தான்" என்றேன்.

மைனி சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் உதறிக் காயப்போட்டோம்.

ஜூலை 9, புதன்

சாப்பிடும்போது மைனியின் காதில் சொன்னேன்: "நாலாவது சனிக்கெழம தறி ஓடாது மைனி."

அவள் ரசம் ஊற்றிக்கொண்டாள். அப்பளத்தை நொறுக்கினாள். கடைசியில், "போன் சார்ஜ் நிக்குமா?" என்றாள்.

ஜூலை 16, புதன்

ஒத்திகை. பாப்பா தூங்கும் நேரத்தில் மைனி தறிக்கூடத்தில் உலகம்மா அக்கா பக்கத்தில் நின்று பேசிப் பார்க்கிறாள். மெதுவாகப் பேசும் பழக்கம் போக வேண்டுமாம்.

"அக்கா, வாய் அசையுது, சத்தம் வரல. தொட்டி மீன் மாதிரி இருக்கீய" என்றாள் உலகம்மா அக்கா. மைனி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு மட்டும் நன்றாகக் கேட்டது.

முதலில் காட்டப்போவது அண்ணனின் கல்யாண பேனர். 'தறியை நிறுத்தினான், தாலியைக் கட்டினான்!' மணமேடையிலிருந்து இறங்கியதும் மைனி முதல் வேலையாகப் போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு போய் அதைப் படம் எடுக்க வைத்தாள். பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா அன்றைக்குப் பயந்தாள்.

"அந்தக் கண்றாவியப் போயி ஊரு பூராக் காட்டப்போறியா?" என்று அண்ணன் கேட்டான்.

"ஊரு பூரா இல்ல. கோலாலம்பூர் வரைக்கும்."

கடைசித் தாளை மட்டும் மைனி இரண்டு முறையும் வேகமாக வாசித்துவிட்டு மடித்துவைத்தாள். மணப்பெண்ணின் தோழிகள் வைத்த பேனர்கள் சிலவற்றைப் பற்றி அதில் இருக்கிறது. "இது வேண்டாம்ட்டி. இதச் சொன்னா கேள்வி வரும்" என்றாள்.

ஜூலை 25, வெள்ளி

இரண்டு போனுக்கும் சார்ஜ் போட்டாகிவிட்டது. நாளை பாப்பாவைப் பார்த்துக்கொள்ள என் அம்மா. அம்மாவுக்கு டிவி இல்லை, கரண்ட் இல்லாததால். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மைனி ஒன்று சொன்னாள்: "எம் பேருல நானே உள்ள போறேன். நீ அண்ணன் போனுல ஒம் பேருல வா."

ஜூலை 26, சனி

மைனி உள் அறையில், அரிசி டிரம் மேல் போனைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தாள். நான் அடுக்களையில். உள்ளே போகும்போது பெயர் கேட்டது. 'ஆவுடைச்செல்வி' என்று தட்டினேன். திரையில் என் பெயர் மைனியின் பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் வந்து நின்றது.

முதலில் மைனியின் குரல் நடுங்கியது. தண்ணீர் குடித்தாள். அண்ணனின் பேனரைக் காட்டினாள். யாரோ மைக்கைத் திறந்து சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். மைனி ஒரு நொடி நின்றாள். ஆனால் அந்தச் சிரிப்பு வேறு. "எங்கட ஊரில 'எலி பொறியில் விழுந்தது' எண்டு வச்சவங்கள்" என்று யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னார். மைனி, "அதப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு குரல் நடுங்கவில்லை. கூட்டாளியைக் கேலி செய்கிற மாதிரி தங்கள் பயத்தை எப்படிச் சொல்கிறார்கள், பேனரின் கீழே வரிசையாக வரும் முகங்கள் என்ன சொல்கின்றன என்று விளக்கிக்கொண்டே போனாள். எனக்கே ஒத்திகையில் புரியாதது இன்று புரிந்தது.

இன்று பார்த்து நாலு மணிக்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது.

தெருவிலுள்ள தறிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. எங்கள் சுவர் அதிர்ந்தது. மைனியின் பேச்சு நின்றது. கதவு இடுக்கில் பார்த்தேன். அவள் விரல் மைக் பொத்தானுக்குப் போகிறது. அந்த விரலை எனக்குத் தெரியும்.

"ரேணுகா, அது என்ன சத்தம்? மழையா?" என்றார் நிலோஃபர் அக்கா.

மைனி சுவரைப் பார்த்தாள்.

"இல்லக்கா. தறி. எங்க வீட்டுத் தறி. நிறுத்தச் சொல்ல முடியாது. நான் கொஞ்சம் சத்தமாப் பேசுதேன்."

பேசினாள்! உலகம்மா அக்காவே தோற்றாள். பக்கத்து வீட்டில் பாப்பாவை வைத்திருந்த அம்மா, "யாரு, நம்ம ரேணுவா?" என்று கேட்டது எனக்குத் தறியைத் தாண்டிக் கேட்டது.

பேசி முடித்தாள். கடைசித் தாள் அவள் மடியில் கவிழ்ந்தே கிடந்தது. "கேள்விகள்?" என்றார் நிலோஃபர் அக்கா. யாரும் கேட்கவில்லை. முதலில் கேட்கிற ஆள் எப்போதும் ரேணுகா. ரேணுகா இன்று மேடையில்.

நான் தட்ட ஆரம்பித்தேன். அண்ணன் போனில் தமிழ் எழுத்து எங்கெங்கோ இருக்கிறது. 'பெண்ணின்' வரை வந்தேன். அதற்குள் அவர், "சரி, இல்லைன்னா முடிச்சுக்கலாம்" என்றார்.

மைக்கைத் திறந்துவிட்டேன். "ஒரு கேள்வி."

என் குரல் மைனியின் போனில் போய்க் கீச்சென்று திரும்பி வந்தது. ஒரே வீட்டில் இரண்டு போன். எல்லோரும் காதைப் பொத்தினார்கள். தள்ளிப் போக வேண்டும். வீட்டில் தள்ளிப் போக இருக்கிற ஒரே இடம் தறிக்கூடம். ஓடினேன்.

"ஆவுடைச்செல்வி, சொல்லுங்க. எந்தப் பல்கலைக்கழகம்?"

"பல்கலைக்கழகம் இல்லக்கா! வீடு! ரேணுகாவோட நாத்தனா!"

தறிக்கு நடுவில் நின்று கத்தாமல் ஒன்றும் நடக்காது. கத்தினேன். "மாப்பிள்ளைய மட்டுந்தான் கேலி பண்ணி பேனர் வைக்காங்க! பொண்ணப் பத்தி ஒரு வரி கூட இல்லையே! பொண்ணோட கூட்டாளிக பேனர் வைக்கிறதே இல்லையா?"

தறி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உலகம்மா அக்கா கையிலிருந்த நூலை விட்டுவிட்டாள். திரையில் மைனி மடியிலிருந்த கடைசித் தாளை எடுத்துத் திருப்பினாள்.

"வைக்காங்க" என்றாள் மைனி. "எனக்கு மூணு கெடச்சிருக்கு. அதான் என் கடைசி அத்தியாயம். சொல்லப் பயந்துக்கிட்டு விட்டுட்டேன். இப்பச் சொல்லுதேன்."

கூட்டம் முடிய ஆறு மணி ஆகிவிட்டது. கேள்வி கேட்டது நான் மட்டும் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. அம்மா மிளகுப்பால் கொடுத்து, "பேசாதட்டி" என்றாள். இதுவரை என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

சான்றிதழ் வந்தது, என் பெயரில். நிறுவனம் என்ற இடத்தில் நிலோஃபர் அக்கா 'தறிக்கூடம், சங்கரன்கோவில்' என்று போட்டிருக்கிறார்.

படிப்பை நிறுத்துவதாக அண்ணனிடம் சொன்னதை மைனி திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

மூன்று மணிக்கு மைனி பாப்பாவை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாப்பா சான்றிதழுக்குத் தகுதியானது. கடைசி வரை இருந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

உலகம்மா அக்கா கல்யாணம். போனேன்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரு பேனர் வைத்திருந்தார்கள். அதற்கு நேர் எதிரே எங்கள் பேனர். நூல் சுற்றும் அக்காக்கள் நாலு பேரும் நானும் சேர்ந்து வைத்தது. வாசகம் நான் எழுதியது:

'நூலைச் சுற்றியவள் இனி ஊரைச் சுற்றுவாள்! மாப்பிள்ளையே, வண்டிக்குப் பெட்ரோல் போடு!'

கீழே ஐந்து முகங்கள். ஐந்தாவதற்குக் கீழே ஆவுடைச்செல்வி.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சத்தமாக வாசித்துவிட்டு, "யாருய்யா இத எழுதுனது?" என்று சிரித்தார். என்கூடப் படித்த மகாலட்சுமி, "ஏட்டி, நீயா? கிளாஸ்ல வாசிக்கச் சொன்னா அழுவியே!" என்றாள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா, நாந்தான்" என்றேன். இரண்டு பேருக்கும் சேர்த்து.

மைனி பாப்பாவை அண்ணன் கையில் தள்ளிவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "நாலாவது! நாலாவது!" என்றாள். முட்டி போட்டுக் குனிந்து, நிமிர்ந்து, பின்னால் போய்ப் பார்த்தாள்.

"தள்ளி நில்லுட்டி, பேனர மறைக்குத."

நான் தள்ளவில்லை. மைனியின் ஆராய்ச்சிப் புத்தகத்தில் நாலாவது படத்தில் 'பெட்ரோல்' என்ற எழுத்துக்கு முன்னால் நிற்கப்போவது நான்தான்.